பாஸ்பரஸை விழுங்கும் சிற்றுயிர்கள்



பெங்களூரின் பெல்லந்தூர் ஏரியைப் பற்றிச் செய்தித்தாள்களில் வாசித்திருப்பீர்கள். 2015-ஆம் ஆண்டில் அதன் கலிங்கு வழியாக வழிந்த நீர் மலைமலையாய் நுரைத்து, காற்றில் பறந்து, சாலையில் போவோர் மேல் விழுந்தது. 2017 பிப்ரவரியில் அந்த ஏரியில் தீப்பிடித்தது. 2018 ஜனவரியில் மறுபடியும் பிடித்தபோது அதை அணைக்க ராணுவ வீரர்கள் வரவேண்டியதாயிற்று. தண்ணீர் எப்படி எரியும் என்று பலரும் கேட்டார்கள். எரிந்தது தண்ணீரல்ல, ஏரியை அடைத்து வளர்ந்து, ஓரங்களில் காய்ந்து கிடந்த களையும் புல்லும் குப்பையுமே. நுரைக்கு முக்கிய காரணம் சோப்புத்தூள். ஆனால் அத்தனை களை வளர்வதற்கு வேண்டிய உணவு அந்த ஏரிக்கு எங்கிருந்து வந்தது? நம் வீடுகளிலிருந்துதான் வந்தது. அந்த உணவில் மிக முக்கியமான ஒன்று பாஸ்பரஸ்.

இதில் ஒரு விசேஷம் உண்டு. சாக்கடை நீரிலிருந்து பாஸ்பரஸைச் சிற்றுயிர்களைக் கொண்டே பிரித்துவிடலாம் என்பதற்கான முதல் தடயம் கிடைத்ததும் இதே பெங்களூரில்தான். அது 1959-ஆம் ஆண்டு. பின்பு தென் ஆப்பிரிக்காவிலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பயன்பட்ட அந்த அறிவு, தான் பிறந்த ஊரின் ஏரிகளுக்கு மட்டும் வெகுகாலம் எட்டவில்லை. அது ஏன் என்பதைப் பார்க்குமுன், பாஸ்பரஸ் என்றால் என்ன என்று சற்று அறிந்துகொள்வோம்.

1669-ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஹென்னிக் பிராண்ட் என்ற ரசவாதி, பொன் கிடைக்கும் என்று நம்பி, மனித சிறுநீரைப் பெருமளவில் சேர்த்து, புளிக்கவைத்து, காய்ச்சி வடித்தார். பொன் கிடைக்கவில்லை. இருட்டில் தானாக ஒளிவிடும் மெழுகு போன்ற ஒரு பொருள் கிடைத்தது. ஒளியைச் சுமப்பது என்று பொருள்படும் கிரேக்குச் சொல்லைக் கொண்டு அதற்குப் பாஸ்பரஸ் என்று பெயரிட்டார்கள். இறையியல் கல்லூரியில் கிரேக்கு படித்தவர்களுக்கு இந்தச் சொல் பழக்கமானது. புதிய ஏற்பாட்டில் ஒரே ஒரு இடத்தில், பேதுருவின் இரண்டாம் நிருபத்தில் வருகிறது. நம் தமிழ் வேதாகமம் அதை விடிவெள்ளி என்று மொழிபெயர்த்திருக்கிறது. விடிவெள்ளியின் பெயரைத் தாங்கிய பொருள் சிறுநீர்ப் பானையிலிருந்து வந்தது என்று நினைக்கும்போது எனக்கு எப்போதும் ஒரு புன்சிரிப்பு வரும்.

பாஸ்பரஸ் இல்லாமல் உயிர் இல்லை. வளர்ந்த மனித உடலில் சுமார் 700 கிராம் பாஸ்பரஸ் இருக்கிறது. அதில் 85 சதவீதம் எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. மீதி ஒவ்வொரு அணுவிலும் இருந்து, சக்தியைக் கைமாற்றிக் கொடுக்கும் சில்லறைக் காசு போல வேலை செய்கிறது. உணவில் உள்ள பாஸ்பரஸை உடல் எடுத்துக்கொண்டு, ஏறக்குறைய அதே அளவை வெளியே அனுப்பிவிடுகிறது. ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு ஒரு கிராமிலிருந்து ஒன்றரை கிராம் வரை என்று வைத்துக்கொள்ளலாம். அதில் பெரும்பகுதி சிறுநீரில் போகிறது. கேட்பதற்குச் சிறிய அளவுதான். ஆனால் ஒரு கோடி ஜனங்கள் வாழும் பட்டணத்தில் இது நாளொன்றுக்கு 10 முதல் 15 டன் ஆகிறது. பாஸ்பேட் கலந்த சோப்புத்தூள் இதற்கு மேலே.

இது வயலுக்குப் போனால் உரம். ஏரிக்குப் போனால் உபத்திரவம். ஏரியிலுள்ள பாசிக்குக் கார்பன் காற்றிலிருந்து கிடைத்துவிடும். நைட்ரஜனையும் சில நீலப்பச்சைப் பாசிகள் காற்றிலிருந்தே பிடித்துக்கொள்ளும். பாஸ்பரஸ் மட்டும் காற்றில் இல்லை. ஆகையால் சாதாரண ஏரியில் பாசி எவ்வளவு வளரலாம் என்று கட்டுப்படுத்துவது பெரும்பாலும் அதுதான். ஒரு கிராம் பாஸ்பரஸ் கூடுதலாகக் கிடைத்தால், காயவைத்து நிறுத்துப் பார்க்கும்போது சுமார் 100 கிராம் பாசி விளையும்.

இதைக் கண்ணால் காணும்படி நிரூபித்தவர் கனடா நாட்டு விஞ்ஞானி டேவிட் ஷிண்ட்லர். ஒன்டாரியோ மாகாணத்தில் ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கப்பட்ட ஏரிகளில் 226 என்று எண்ணிடப்பட்ட ஏரி ஒன்று உண்டு. இரண்டு குளங்கள் ஒட்டிக்கொண்டதுபோல நடுவில் இடுங்கியிருக்கும். 1973-ஆம் ஆண்டு அந்த இடுக்கில் ஒரு திரையைக் கட்டி ஏரியை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பக்கத்தில் கார்பனும் நைட்ரஜனும் மட்டும் கலந்தார்கள். மறு பக்கத்தில் அவற்றோடு பாஸ்பரஸும் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் பெற்ற பக்கம் சில வாரங்களில் பச்சைச் சாயம் கரைத்ததுபோல ஆயிற்று. மறு பக்கம் தெளிவாகவே இருந்தது. ஆகாயத்திலிருந்து எடுத்த அந்தப் படம் பல சட்டசபைகளின் மனதை மாற்றியது என்று சொல்வார்கள். மாற்றாமல் எப்படி இருக்கும்?

பாசி மடிந்து அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயு தீர்ந்து மீன்கள் சாகின்றன. சிலவகை நீலப்பச்சைப் பாசிகள் கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சையும் வெளியிடுகின்றன. 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஈரி ஏரிக்கரையிலுள்ள டொலிடோ நகரத்தில், குழாய் நீரில் இந்த நஞ்சு கலந்தபடியால் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர் மூன்று நாள் அளவாகக் குழாய் நீரைக் குடிக்கக்கூடாது என்று அறிவிக்கப்பட்டது. அந்த நஞ்சு காய்ச்சினாலும் போகாது. அங்கே பாஸ்பரஸ் பெரும்பாலும் வயல் உரத்திலிருந்து வந்தது; நம் பட்டண ஏரிகளுக்குச் சாக்கடையிலிருந்து வருகிறது. ஏரிக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

சரி, சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறதே, அது என்ன செய்கிறது? இந்த இடத்தைக் கவனமாகப் பார்க்கவேண்டும். சாக்கடை நீரிலுள்ள அழுகும் பொருளைச் சிற்றுயிர்கள் தின்று, கரியமில வாயுவாக ஆகாயத்துக்கு அனுப்பிவிடுகின்றன. நைட்ரஜனையும் தகுந்த ஏற்பாடு செய்தால் வாயுவாக்கி அனுப்பிவிடலாம். பாஸ்பரஸுக்கு அந்த வாசல் கிடையாது. அது வாயுவாகப் போகாது, எரிந்தும் அழியாது. அதற்கு இருப்பது இரண்டே வழி: தெளிந்த நீரோடு ஏரிக்குப் போகவேண்டும், அல்லது அடியில் தங்கும் கசடோடு போகவேண்டும். சாதாரண நிலையத்தில் சிற்றுயிர்கள் தங்கள் வளர்ச்சிக்கு வேண்டியதை மாத்திரம் எடுத்துக்கொள்கின்றன. காய்ந்த கசடில் அது 2 சதவீதத்துக்கு மேல் போவதில்லை. மீதி நீரோடு போகிறது. ஆகவே மணமில்லாமல், நிறமில்லாமல், பரிசோதனையில் தேறிய நீரும் ஏரியைக் கெடுக்கக்கூடும்.

பாஸ்பரஸை நீரிலிருந்து கசடுக்கு மாற்ற எளிய வழி படிகாரமோ இரும்பு உப்போ கலப்பது. ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் செய்துகொள்ளும் நோயாளிகளைப் பார்த்திருப்பீர்கள். சிறுநீரகம் வேலை செய்யாதபடியால் அவர்கள் இரத்தத்தில் பாஸ்பரஸ் ஏறிவிடும். சாப்பாட்டோடு சேர்த்து ஒரு மாத்திரை சாப்பிடச் சொல்வார்கள். அது குடலிலேயே பாஸ்பரஸைக் கட்டிப் பிடித்து மலத்தோடு வெளியேற்றிவிடும். படிகாரம் செய்வதும் இதே வேலைதான். நல்ல முறை, சந்தேகமில்லை. ஆனால் மாத்திரையைப் போலவே இதுவும் தினமும் வாங்கவேண்டியது. லாரி லாரியாக வாங்கவேண்டியது. கசடும் பெருகும். அலுமினியமோ இரும்போ கட்டிப்போட்ட பாஸ்பரஸ் செடிக்கு எளிதில் கிடைக்காது.

இனி பெங்களூருக்கு வருவோம். சாக்கடை நீரில் காற்றைச் செலுத்தி, சிற்றுயிர் நிறைந்த கசடைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் முறையை 1914-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஆர்டர்ன், லாக்கெட் என்ற இருவர் வெளியிட்டார்கள். அவர்களுக்கு வழிகாட்டியாயிருந்த கில்பர்ட் ஃபவுலர், 1916-இல் பெங்களூரின் இந்திய அறிவியல் நிறுவனத்தில் பேராசிரியராக வந்து சேர்ந்தார். டாட்டா இன்ஸ்டிடியூட் என்று பெரியவர்கள் இன்னும் சொல்வது அதைத்தான். இப்படி அந்த நிறுவனத்தில் சாக்கடை நீர் ஆராய்ச்சி வேரூன்றியது. அங்கே ஸ்ரீநாத், சாஸ்திரி, பிள்ளை என்ற மூவர், கசடோடு சாக்கடை நீரைக் கலந்து காற்றடிக்கும்போது, வளர்ச்சிக்குத் தேவையானதைக் காட்டிலும் மிக அதிகமான பாஸ்பரஸ் நீரிலிருந்து வேகமாக மறைவதைக் கவனித்தார்கள். இது ரசாயனத்தால் நடப்பதல்ல, உயிர்கள் செய்யும் வேலை என்றும் காட்டினார்கள். 1959-இல் அதை ஒரு சிறு கட்டுரையாக வெளியிட்டார்கள். அடுத்து 1965-இல் அமெரிக்காவில் லெவின், ஷப்பீரோ என்ற இருவர் வாஷிங்டன் நகரக் கசடில் இதையே கண்டு, ஆடம்பரமாக உட்கொள்ளுதல் என்று பெயரிட்டார்கள்.

ஆனால் சில நிலையங்களில் இது நடந்தது, சிலவற்றில் நடக்கவில்லை. காரணம் விளங்கவில்லை. அந்த முடிச்சை அவிழ்த்தவர்களில் முக்கியமானவர் தென் ஆப்பிரிக்காவைச் சேர்ந்த ஜேம்ஸ் பர்னார்ட். 1970-களின் தொடக்கத்தில் பிரிட்டோரியாவில் நைட்ரஜனை நீக்கும் ஒரு சோதனை நிலையத்தை அவர் நடத்திவந்தபோது, எதிர்பாராமல் பாஸ்பரஸும் போய்விடுவதைக் கண்டார். கசடு முதலில் காற்றே இல்லாத ஓரிடத்தில் சற்று நேரம் இருந்துவிட்டு, பின்பு காற்றுள்ள இடத்துக்கு வரவேண்டும். இதுதான் இரகசியம் என்று அறிந்தார். இந்தப் பணிக்காக 2011-ஆம் ஆண்டு சிங்கப்பூரின் லீ குவான் யூ தண்ணீர்ப் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது.

காற்றில்லாத இடம் எதற்கு? ஒரு கதை போலச் சொன்னால் விளங்கும். ஒரு ஊரில் அறுவடைக் காலத்தில் நெல் மலிவாய்க் குவிந்திருக்கிறது. ஆனால் ஒருவர் கையிலும் காசு இல்லை. காசில்லாதவர்கள் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒரு குடும்பம் மட்டும் பெட்டியிலிருக்கும் நகையை எடுத்து அடகு வைக்கிறது; நெல்லை வாங்கிப் பத்தாயத்தை நிரப்பிக்கொள்கிறது. பிறகு வேலை கிடைக்கும் காலம் வருகிறது. பத்தாயத்து நெல்லைச் சாப்பிட்டுப் பலத்தோடு உழைத்து, அடகு நகையை மீட்பதோடு புதிதாக இன்னும் கொஞ்சம் வாங்கிப் பெட்டியில் வைக்கிறது.

சிற்றுயிர்களிடம் நடப்பது இதுவே. காற்றில்லாத தொட்டியில் சாக்கடை நீரோடு வரும் புளிப்பு அமிலங்கள் (நம் வீட்டு வினிகரில் இருக்கும் அமிலம் அவற்றில் ஒன்று) நல்ல உணவு. ஆனால் பிராணவாயு இல்லாமல் சக்தி கிடைக்காதபடியால் பெரும்பாலான சிற்றுயிர்கள் அதை எடுக்கமுடியாமல் நிற்கின்றன. ஒரு வகை மட்டும் தன் உடலுக்குள் பாஸ்பேட்டை மாலை கோத்ததுபோலச் சேர்த்து வைத்திருக்கிறது. அந்த மாலையை அறுத்தால் சக்தி பிறக்கிறது. அந்தச் சக்தியைக் கொண்டு உணவை உள்ளே இழுத்து, ஒருவிதக் கொழுப்பாகச் சேமித்துக்கொள்கிறது. அறுந்த மாலையின் மணிகள் நீரில் விழுகின்றன. ஆகையால் இந்தத் தொட்டியில் பாஸ்பரஸ் குறையாது, ஏறும். லிட்டருக்கு 6 மில்லிகிராமாக வந்த நீர் இங்கே 20, 30 என்று காட்டும். நிலையத்தைப் பார்க்கவந்த யாரும் இந்த இடத்தில் அளந்து பார்த்தால் இயந்திரம் பழுது என்றே நினைப்பார்கள்.

அடுத்தது காற்றுத் தொட்டி. இங்கே பிராணவாயு தாராளம். ஆனால் நீரில் நல்ல உணவு அநேகமாகத் தீர்ந்துவிட்டது. மற்றவை பசித்திருக்க, இது மட்டும் தன் சேமிப்பை எரித்து வளர்கிறது. வளரும்போது கீழே போட்ட மணிகளையும், புதிதாய் வந்தவற்றையும் பொறுக்கி மறுபடி மாலை கோக்கிறது. நீரிலுள்ள பாஸ்பரஸ் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கும் கீழே இறங்கிவிடும். அந்த வேளையில் கசடை அடியில் தங்கவிட்டு, ஒரு பகுதியை வெளியே எடுத்துவிடவேண்டும். அந்தக் கசடில் 5 முதல் 7 சதவீதம் பாஸ்பரஸ் இருக்கும். மீதிக் கசடு மறுபடி காற்றில்லாத தொட்டிக்குத் திரும்புகிறது. இப்படிச் சுற்றிச் சுற்றி வரும்போது, அடகு வைக்கத் தெரிந்த குடும்பமே ஊரில் பெருகுகிறது. யாரும் வெளியிலிருந்து விதை கொண்டுவந்து போடுவதில்லை.

இந்தச் சிற்றுயிர் எது என்பதில் அறிஞர்கள் வெகுகாலம் தடுமாறினார்கள். 1975-இல் அசினிடோபாக்டர் என்றார்கள். ஆய்வுக்கூடத்துக் கிண்ணத்தில் அது எளிதாய் வளர்ந்தபடியால் பழி அதன் மேல் விழுந்தது. பின்பு மரபணு ஆராய்ச்சி வந்தபோதுதான் உண்மையான வேலைக்காரன் வேறு என்று தெரிந்தது. 1999-இல் அதற்கு அக்யூமுலிபாக்டர், அதாவது சேர்த்து வைப்பது, என்று பெயர் சூட்டினார்கள். தனியாகப் பிரித்து வளர்க்க முடியாதபடியால் காண்டிடேட்டஸ் என்ற அடைமொழியும் சேர்ந்தது. பேருக்கு முன்னால் காண்டிடேட் என்று போட்டுக்கொள்ளும் வாலிபர்கள் திருச்சபையிலும் உண்டு!

இந்த முறையில் இடைஞ்சல்களும் உண்டு. காற்றில்லாத தொட்டிக்குள் நைட்ரேட் வந்துவிட்டால், பிற உயிர்கள் அதைப் பிராணவாயுவுக்குப் பதிலாய்ப் பயன்படுத்திக்கொண்டு உணவைப் பறித்துவிடும். பெருமழையில் மழைநீர் சாக்கடையில் கலந்தால் உணவு நீர்த்துப்போகும். எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாய்த் தோன்றுவது வெப்பம். உணவை எடுத்துக்கொண்டு பாஸ்பரஸைத் தொடாத ஒரு போட்டிக் கூட்டம் உண்டு. சூடான நீரில் அதன் கை ஓங்கும் என்று ஆய்வுக்கூடங்களில் கண்டார்கள். ஆகவே உஷ்ண தேசங்களுக்கு இது ஒத்துவராது என்று பலகாலம் சொல்லப்பட்டது. 1959-இல் பெங்களூரில் கண்டதை அவர்கள் மறந்துவிட்டார்கள் போலும். 2016-இல் வெளியான ஓர் ஆய்வு, சிங்கப்பூரில் நீர் 28 டிகிரிக்கு மேல் இருக்கும் பெரிய நிலையத்திலும் இது நன்றாக நடப்பதைக் காட்டியது.

பாஸ்பரஸ் கசடுக்கு வந்த பிறகும் கதை முடியவில்லை. அந்தக் கசடைக் காற்றில்லாமல் கிடக்கவிட்டால் மாலை மறுபடி அறுந்துவிடும். நீரிலுள்ள மக்னீசியம், அம்மோனியா இவற்றோடு பாஸ்பேட் சேர்ந்து ஸ்ட்ரூவைட் என்ற கல்லாகக் குழாய்களில் படியும். 1960-களில் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்து ஹைப்பீரியன் நிலையத்தில் இப்படிக் குழாய்கள் அடைத்துக்கொண்டன. சிறுநீரில் தொற்று ஏற்பட்டவர்களுக்குச் சிறுநீரகத்தில் உண்டாகும் ஒருவகைக் கல்லும் இதே ஸ்ட்ரூவைட்தான். நம் அறுவைச் சிகிச்சை மருத்துவர்கள் எடுத்துப்போடும் கல்லை, சாக்கடைப் பொறியாளர்கள் குழாயிலிருந்து எடுத்துப்போடுகிறார்கள். இப்பொழுது சில இடங்களில் அந்தக் கல்லை ஒரு தொட்டியிலேயே வேண்டுமென்று விளையவைத்து, மணிமணியாக எடுத்து உரமாக விற்கிறார்கள். சிகாகோவின் ஸ்டிக்னி நிலையத்தில் 2016-இல் இது தொடங்கப்பட்டது. உலகில் எஞ்சியிருக்கும் பாஸ்பேட் பாறையில் சுமார் 70 சதவீதம் மொராக்கோவிலும் மேற்குச் சஹாராவிலும் இருக்கிறது. நம் நாடு தனக்கு வேண்டியதில் பெரும்பகுதியை விலை கொடுத்து இறக்குமதி செய்கிறது. அப்படிக் கப்பலில் வந்து, வயலுக்குப் போய், சோறாகி, கடைசியில் ஏரியில் போய்க் களையாக நிற்கிறது.

பெங்களூரின் ஏரிகளுக்கு இந்த அறிவு ஏன் எட்டவில்லை என்று தொடக்கத்தில் கேட்டோம். என் எண்ணத்தில் பதில் எளிது: யாரும் கேட்கவில்லை. ஐரோப்பிய நாடுகள் 1991-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே, எளிதில் கெடக்கூடிய நீர்நிலைகளில் விடப்படும் நீருக்குப் பெரிய நகரங்களில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் பாஸ்பரஸ் என்று எல்லை வைத்தன. நம் நாட்டில் 2017 அக்டோபரில் வெளியான சுத்திகரிப்பு நிலைய விதிகளில் பாஸ்பரஸ் என்ற சொல்லே எல்லையாக இடம்பெறவில்லை. கேட்கப்படாத ஒன்றை எந்த ஒப்பந்தக்காரரும் கட்டிக் கொடுப்பதில்லை. 2019 ஏப்ரலில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம்தான் குளம், ஏரிகளில் விடும் நீருக்கு 1 மில்லிகிராம் என்று கட்டளையிட்டது. அதன்பின் புதிய நிலையங்கள் சிலவற்றில் காற்றில்லாத தொட்டியையும் சேர்த்துக் கட்டுகிறார்கள்.

இதற்கிடையில் 2018 ஜூன் முதல் பெங்களூரின் கோரமங்களா, சல்லகட்டா பள்ளத்தாக்கு நிலையங்களில் சுத்திகரித்த நீரைக் குழாய் வழியாய்க் கோலார் மாவட்டத்தின் வறண்ட ஏரிகளுக்கு அனுப்பிவருகிறார்கள். நிலத்தடி நீர் ஊறவேண்டும் என்பது நோக்கம். பல ஆண்டுகள் காய்ந்து கிடந்த ஏரிகளில் தண்ணீரைக் கண்ட விவசாயிகளின் சந்தோஷம் உண்மையானது. மூன்றாம் கட்டச் சுத்திகரிப்பும் வேண்டும் என்று நீதிமன்றத்துக்குப் போனவர்களின் கவலையும் உண்மையானது. ஓடாமல், வெயிலில், மாதக்கணக்காய் நிற்கும் நீருக்குப் பாஸ்பரஸ் எவ்வளவு வருகிறது என்பதே அந்த ஏரிகள் தெளிந்திருக்குமா, ஆகாயத்தாமரை மூடிப்போகுமா என்பதைப் பெரிதும் முடிவு செய்யும்.

வாசகர்களில் பலர் இன்று சொந்தச் சுத்திகரிப்பு நிலையம் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இருக்கிறீர்கள். சில பள்ளிக்கூடங்களும் கல்லூரிகளும் அப்படி வைத்திருக்கின்றன. சங்கக் கூட்டத்தில் நிலையத்தைப் பராமரிப்பவரிடம் இரண்டு கேள்வி கேட்கலாம். வெளியேறும் நீரில் பாஸ்பரஸை அளக்கிறீர்களா? கசடை எத்தனை நாளுக்கு ஒருமுறை வெளியே எடுக்கிறீர்கள்? இரண்டாவது கேள்விக்கு மழுப்பலான பதில் வருவது வழக்கம். லாரிக்குப் பணம் கொடுக்கவேண்டும் என்பதால் கசடை வாரக்கணக்காய்த் தொட்டியிலேயே விட்டுவைப்பார்கள். அங்கே காற்று இல்லை. சேர்ந்த பாஸ்பரஸ் கரைந்து, மேலே தெளியும் நீரோடு நிலையத்தின் தலைவாசலுக்கே திரும்பி வந்துவிடும்.